உறுமலை விழுங்கிய மடிக்கணினி

மைக் வேலை செய்யவில்லை என்று உங்களைக் கூப்பிடும் வீட்டில், மைக் பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருபவை.

வீடு வீடாகப் போய்ப் பதிவுக் கருவிகளைச் சரிபார்த்துத் தரும் வேலைக்கு இப்போது பினாங்கில் பலர் வந்திருக்கிறீர்கள். ஒரு மடிக்கணினியும் ஒரு மைக்கும் கையிலிருந்தால், படுக்கையறைக் கதவை மூடிக்கொண்டு யார் வேண்டுமானாலும் பதியலாம் என்றாகிவிட்ட காலம். பதிகிறவர்கள் பெருகினால் நமக்கும் வேலை பெருகும். என் வலது காதின் கேட்கும் திறன் பாதியாகக் குறைந்த பிறகு நான் இதை விட்டுவிட்டேன். அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று உங்களில் சிலர் கேட்டதால் எழுதுகிறேன். எந்தப் பொத்தானை எங்கே அழுத்த வேண்டும் என்று எழுதப் போவதில்லை. பொத்தான்கள் ஆண்டுதோறும் இடம் மாறும். நான் எழுதி முடிப்பதற்குள் அவை வேறெங்காவது போயிருக்கும்.

எனக்கு இதை யாரும் கற்றுத் தரவில்லை. சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானும் எனக்குப் பள்ளிக்கூடமும் போதுமென்று ஆகிவிட்டது. லோரியில் சாமான் ஏற்றினேன். ஈப்போவில் ஐஸ் கட்டி அறுக்கும் இடத்தில் நின்றேன். ஒரு கப்பலில் காய்கறி நறுக்கினேன். சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் ஒரு மழைக்காலம் முழுவதும் நனைந்த துணியோடு தூங்கினேன். எங்கும் நிலைக்கவில்லை, யாரும் என்னைத் துரத்தவும் இல்லை. கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவரிடம் வயர் சுருட்டப் போனபோது, படுத்துக்கொள்ள ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. மழை படாத இடம். அதற்காகத்தான் இந்தத் தொழிலில் தங்கினேன். ஒலியின்மீது காதல் என்றெல்லாம் ஒன்றுமில்லை.

ஒரு சின்னச் சம்பவத்தை முதலில் சொல்கிறேன். தேவார வகுப்பைப் பதிவுசெய்து மாணவர்களுக்கு அனுப்பும் ஓர் அக்கா, ஆயுத பூசை முடிந்த வாரத்தில் கூப்பிட்டார். அவர் குரல் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் பதிவாகிக்கொண்டிருந்தது. நான் போய் எல்லா அமைப்புகளையும் திறந்து மூடினேன். மென்பொருளை அழித்து மறுபடியும் ஏற்றினேன். காலைப்பொழுது முழுவதும் அதிலேயே போயிற்று. கடைசியில் கண் வலித்து நாற்காலியில் சாய்ந்தபோதுதான், திரைக்கு மேலே விளிம்பின் நடுவில் காய்ந்துபோன சந்தனமும் அதன்மேல் குங்குமமும் இருப்பதைக் கவனித்தேன். மைக்கின் துளை அதற்கடியில் இருந்தது. பூசைக்கான பொட்டை, நெற்றியென்று தோன்றிய இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

துடைக்கலாமா என்று கேட்டேன். அக்கா உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து, விசைப்பலகைக்குக் கீழே ஓரமாகப் புதுப் பொட்டு ஒன்று வைத்தார். அதன் பிறகுதான் ஈரத்துணியால் மேலே இருந்ததைத் துடைத்தார். குரல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆண்டுதோறும் ஆயுத பூசை வாரத்தில் யார் கூப்பிட்டாலும், பொட்டு எங்கே வைத்தீர்கள் என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுவேன். பாதி அழைப்புகள் அங்கேயே முடிந்துவிடும். இயந்திரத்துக்குள் தேடுவதற்கு முன்னால், அந்த வீட்டு மனிதர்கள் அதோடு எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தெரிந்த விஷயம்தான். ஆனால் நெருக்கடி வரும்போது நாம் முதலில் மறப்பது இதைத்தான். அப்படி ஒரு நெருக்கடியைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

குணா என்பவர் ஓர் உறுமி மேளக் குழுவை நடத்திவந்தார். தைப்பூசத்துக்குக் காவடிகள் ஏறும் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையோரத்தில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தார். தைப்பூசத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்த சமயம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணே, மைக்க வந்து ஒருதரம் பாத்துட்டுப் போங்க. நல்லா இருக்குன்னு சொல்லிட்டாப் போதும்."

கெட்டுப்போனதைச் சரிசெய்யத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான். போகும்போதே அது எனக்கு உறுத்தியது.

வாசல் கேட்டருகிலேயே குணா என்னை நிறுத்திக்கொண்டார். உள்ளே கூடத்தில் ஒருவர் மடியில் உறுமியை வைத்துக்கொண்டு, தரையில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அதுதான் மணியம்," என்றார் குணா, குரலைத் தாழ்த்தி. "குழு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து முன்னால நின்னு உறுமி வாசிக்கறவன். அக்கரையில மாக் மண்டின்ல வேலை செய்யற பட்டறையில மெஷின்ல கைய விட்டுட்டான். தேய்க்கிற கை. ரெண்டு வெரலு. தெச்சுட்டாங்க, ஆனா அதுல உணர்ச்சி இல்ல. இப்ப வந்து, நான் வாசிக்கிறேங்கறான்."

"வாசிக்க முடியுதா?"

"அதுதாண்ணே கேள்வி. பசங்கல்லாம் சிப்ட் வேலைக்காரங்க, எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து கேக்க முடியாது. அதனால ரெண்டு பேரு வாசிப்பையும் பதிஞ்சு வாட்ஸ்அப் குரூப்புல போடறேன், கேட்டுட்டுச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன். மணியம் எடத்துக்குப் பாரிட் புந்தார்க்காரன் ஒருத்தன் இருக்கான். அவன் போன்லயே பதிஞ்சு அனுப்பிட்டான், நல்லா இருக்கு. இன்னிக்குச் சாயங்காலம் மணியத்தோடத போடணும். பதிஞ்சா உறுமலே வரமாட்டேங்குது. அடி கேக்குது, தேய்ப்பு கேக்கல. கையில பலம் இல்லன்னுதானே அர்த்தம்?"

"நேர்ல கேட்டா?"

குணா தெருவைப் பார்த்தார். "நேர்ல கேட்டு, நீ வேணாண்டான்னு நான் அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணுமாண்ணே? சின்ன வயசுலேர்ந்து ஒண்ணாத் திரிஞ்சவன். மைக் சொல்லட்டும்னு விட்டுட்டேன். மைக் சரியில்ல, ஆளக் கூப்டுப் பாருங்கறான். அதான் ஒங்களக் கூப்டேன்."

இப்போது எனக்கு விளங்கியது. நான் பழுது பார்க்க வந்தவனில்லை, சாட்சி சொல்ல வந்தவன். மனிதர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை இயந்திரத்தின் வாயால் சொல்ல வைப்பவர்களை நீங்களும் சந்திப்பீர்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டில் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லுக்கு எடை கூடுதல்.

கூடத்தில் மேசைமேல் மடிக்கணினியும், சிறு நிறுத்தியில் யூ.எஸ்.பி. மைக்கும் இருந்தன. மேலே மின்விசிறி கடகடவென்று சுற்றியது. சமையலறை வாசலில் குணாவின் மனைவி லோகா நின்றார், கழுத்தில் ஹெட்செட் தொங்கியது.

"அண்ணே, ரெண்டு மணிக்கு எனக்கு சிப்ட். அந்த லேப்டாப் எனக்கு வேணும்," என்றார். "இவங்க பஞ்சாயத்து முடியாட்டியும் வேணும்."

அப்போது மதியம் தாண்டியிருந்தது.

வழக்கமான சோதனைகளைப் பற்றி எழுதத் தேவையில்லை, நீங்கள் அறிந்தவைதான். மென்பொருள் சரியான மைக்கைத்தான் எடுத்திருந்தது. மைக்கைப் பயன்படுத்த அதற்கு அனுமதி இருந்தது. என் குரலைப் பதிந்தேன், தெளிவாக வந்தது. கையைத் தட்டினேன், வந்தது.

"பாத்தீங்களா? மைக் நல்லா இருக்கு," என்றார் குணா.

இந்த இடத்தில் நான் எழுந்திருக்கலாம். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மைக் நன்றாகத்தான் இருக்கிறது, அப்படிச் சொன்னாலும் பொய்யில்லை. கூப்பிட்டவருக்கும் அதுதான் வேண்டும். நம் வேலையில் பிழைகள் அதிகம் நடக்கும் இடம் இதுதான். சரியான பதிலைச் சொல்லிவிட்டு நாம் எழுந்து போகிற இடம்.

சுவரோரம் இருந்த மணியம் இப்போது பேசினார்.

"அண்ணே, நான் ஒருதரம் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க. இந்த ரெண்டு வெரலும் எனக்கு ஒண்ணும் சொல்றதில்ல. குச்சி தோல்ல அழுந்துதா இல்லையான்னு காதாலதான் தெரிஞ்சுக்கறேன். காதுக்கு உறுமல் இருக்கு. அதுல போட்டுக் கேட்டா இல்ல. எத நம்பறதுன்னு எனக்கே தெரியல."

"காது பழக்கத்துல சேத்துக்கும்டா," என்றார் குணா. "இல்லாததையும் இருக்கிற மாதிரி கேக்கும்."

"ஒன் காதுக்கு நான் வேணாம். அதான் ஒனக்குக் கேக்கல."

"பேசாம வாசி லா."

மணியம் வாசித்தார். உறுமியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்தை அடிப்பார்கள், மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் வரும். அந்தச் சின்னக் கூடத்தில் அது மார்புக்கூட்டுக்குள் புகுந்தது. அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. பிறகு பதிவைப் போட்டோம். அடிக்கும் கை உலர்ந்த சத்தமாக டக் டக் என்று வந்தது. உறுமல் இல்லை.

"பாருங்க, உறுமல் இருக்க வேண்டிய எடம் வெறும் கோசோங், ஒண்ணுமே இல்ல," என்றார் குணா. அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

நான் ஒலி அளவை ஏற்றிவிட்டு மறுபடியும் கேட்டேன். இரண்டு விஷயங்கள் பிடிபட்டன.

ஒன்று, உறுமல் முற்றிலும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தேய்ப்பின் தொடக்கத்திலும் அது தலை காட்டியது. பிறகு யாரோ கதவைச் சாத்தியதுபோல் அடங்கியது. பலமில்லாத கை தொடக்கத்திலேயே பலமில்லாமல் இருக்கும். பலமாகத் தொடங்கி அப்படிச் சாத்திக்கொள்ளாது.

மற்றது, அடிக்கும் அடிக்கும் இடையே எதுவுமே கேட்கவில்லை. மின்விசிறி இல்லை. வாசலில் போன மோட்டார் சைக்கிள் இல்லை. பக்கத்து வீட்டுக் குழாய் இல்லை. அவ்வளவு அமைதியான வீடு பினாங்கில் கிடையாது.

மைக் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்டதை, பதிவுக்குப் போகும் வழியில் யாரோ பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. நான் கண்டுபிடித்து நிறுத்தி, மணியத்தை மறுபடியும் வாசிக்க வைத்து, உறுமல் வந்துவிட்டால் குணா என்ன நினைப்பார்? நான் எதையோ திருகி உறுமலைக் கூட்டிவிட்டேன் என்றுதான் நினைப்பார். வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். பழுதைச் சரிசெய்வது ஒரு வேலை. அது பழுதுதான் என்று எதிரே நிற்பவரை ஒப்புக்கொள்ள வைப்பது வேறு வேலை. இரண்டாவதை முதலில் செய்துவிட வேண்டிய சமயங்கள் உண்டு.

"தம்பி, இப்ப நீங்க வாசிங்க," என்றேன் குணாவிடம்.

"நானா? எதுக்கு?"

"ஒங்க கை நல்லாத்தானே இருக்கு. ஒங்க உறுமல் எப்படிப் பதியுதுன்னு பாப்போம்."

குணா நகரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவன் விரதம் ஆரம்பிச்சுட்டாண்ணே. உறுமிக்குப் பூசையும் போட்டாச்சு. நான் இன்னும் ஆரம்பிக்கல. நேத்துதான் நாசி கண்டார் கடையில கோழி சாப்ட்டேன். எப்டித் தொடறது?"

"குழுத் தலைவரு," என்றார் லோகா சமையலறையிலிருந்து.

"நாளைக்கு ஆரம்பிக்கிறதாத்தான் இருந்தேன்."

"போன வாரமும் நாளைக்குத்தான்."

மணியம் முதல்முறையாகச் சிரித்தார். "போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வாடா. அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டுத் தொடு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"மணி ஆகுதுங்க," என்றார் லோகா.

குணா துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நெருக்கடியான நேரத்தில் ஒருவர் தலைக்குக் குளித்துக்கொண்டிருக்க, நாம் சும்மா உட்கார்ந்திருப்பது நம் தொழிலில் அபூர்வமாகக் கிடைக்கும் வாய்ப்பு. அந்தச் சும்மா நேரத்தில்தான் நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"நீங்க இந்த லேப்டாப்புல என்னம்மா வேலை செய்யறீங்க?"

"கஸ்டமர் சர்வீஸ்ணே. தண்ணி வடிகட்டி விக்கிற கம்பெனி. வீட்லேர்ந்தே போன் எடுத்துப் பேசறது."

"இவங்க இங்க பழகும்போதா?"

"அதுல ரொம்ப சூசாப் பட்டேண்ணே, தொல்ல தாங்கல. மொதல்ல ஒரு கஸ்டமரு, ஒங்க ஆபீஸ்ல யாருக்கோ ஒடம்பு சரியில்லயா, மொனகறாங்களேன்னு கேட்டாரு. கம்பெனியில சொன்னேன். அவங்க ஆளு அங்கேர்ந்தே லேப்டாப்புக்குள்ள வந்து, எந்த மைக்குல பேசுனாலும் வேலை செய்யற மாதிரி ஏதோ போட்டுக் குடுத்தாரு. இப்ப அடி லேசாக் கேக்கும், யாரோ கதவத் தட்டறாங்கன்னு நெனச்சுக்குவாங்க. அந்த மொனகல் மட்டும் கேக்கவே கேக்காது."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஹெட்செட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மணியத்தைப் பார்த்தார். மணியம் மடிக்கணினியைப் பார்த்தார்.

தொடர்ந்து ஒரே மாதிரி வரும் ஒலியை மின்விசிறி, ஏர்கோன், இரைச்சல் என்று கணக்கிட்டு நீக்கும் வேலை அது. பேச்சை விட்டுவிடும், தட்டலை விட்டுவிடும். உறுமலை அது இரைச்சல் என்று எண்ணியதில் தவறு சொல்ல முடியாது. இந்த வீட்டில் அந்த வேலைக்காகத்தான் அதை உள்ளே வைத்திருந்தார்கள். வைத்த பிறகு மறந்துவிட்டார்கள்.

"அண்ணே, நெசமாவே நான் இத நெனச்சே பாக்கல," என்றார் லோகா.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க," என்றேன். "அவரு மொதல்ல வாசிக்கட்டும்."

குணா ஈரத்தலையோடு வந்தார். நெற்றியில் திருநீறு. உறுமியின் முன் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தோளில் மாட்டினார். நல்ல கை. மணியம் அளவுக்கு இல்லை என்றாலும், பழுதில்லாத கை. கூடம் அதிர்ந்தது. வாசித்து முடித்ததும் அவரையே பதிவை ஓடவிடச் சொன்னேன்.

டக் டக் என்று வந்தது. உறுமல் இல்லை.

அவர் மறுபடியும் ஓடவிட்டார். குனிந்து ஒலிபெருக்கியருகில் காதை வைத்தார்.

"என்னங்க, ஒங்க கையும் போச்சா?" என்றார் லோகா.

குணா நிமிர்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு மணியத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் அந்த நேரத்தைச் செலவிட்டேன். அதற்குப் பிறகு நான் எதைத் திருகினாலும் அவர் சந்தேகப்பட மாட்டார்.

லோகா விஷயத்தைச் சொல்ல, நான் அந்த இரைச்சல் நீக்கியைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன். மைக்குகளுக்கான பொது அமைப்புகளுக்குள் ஓர் ஓரத்தில் இருந்தது. ஒரு சின்னக் குறி, அவ்வளவுதான். நிறுத்தியதும் மின்விசிறி கேட்டது, சாலை கேட்டது. மணியம் உறுமியை வாங்கி மாட்டிக்கொண்டார். இந்த முறை பதிவில் உறுமல் முழுசாக, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். ஆனால் மைக் எதையும் விடாமல் கேட்கத் தொடங்கிவிட்டது.

வாசிப்பின் நடுவில், வேகம் எடுக்கும் இடம் ஒன்று உண்டு. காவடி ஆட்டத்தின் உச்சத்தில் வாசிப்பது. அங்கே மணியத்தின் தேய்ப்பு சறுக்கியது. உறுமல் உடைந்து, ஒரு சுற்று காணாமல் போய், மறுபடியும் வந்து சேர்ந்தது. வாசிக்கும்போது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பதிவில் நன்றாகத் தெரிந்தது. நால்வரும் கேட்டோம். கேட்டுவிட்டு நால்வரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னொருதரம் வாசிக்கிறியா?" என்றார் குணா.

மணியம் வாசித்தார். அதே இடத்தில் சறுக்கியது.

சற்றுமுன்வரை நண்பனை நீக்க மைக்கைத் துணைக்கு அழைத்த அதே குணா, இப்போது என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "அண்ணே, முன்னால நல்லா வந்திருக்கில்ல, அதுலேர்ந்து ஒரு சுத்த வெட்டி எடுத்து அந்த எடத்துல ஒட்டிட முடியுமா? யாருக்கும் தெரியாது."

முடியும். ஒட்டினால் உங்களுக்கும் எனக்கும்கூடத் தெரியாது. என் கை கணினியின் மவுஸ்மேல் இருந்தது. இப்படி உங்களிடமும் கேட்பார்கள். பாடகரின் சுருதியை, பேச்சாளரின் திணறலைச் சரிசெய்து தரச் சொல்லி. பெரும்பாலும் செய்துகொடுப்போம், அதில் குற்றமும் இல்லை. பாட்டு பாட்டாகத்தான் போகப்போகிறது. ஆனால் இந்தப் பதிவு ஒருவருடைய இடத்தைத் தீர்மானிக்கப் போகிறது. செய்யலாமா கூடாதா என்று தீர்மானிக்க வேண்டியவர் கூப்பிட்டவரும் அல்ல, நானும் அல்ல. நான் மவுஸை விட்டுவிட்டு மணியத்தைப் பார்த்தேன்.

அவருக்குக் கேட்டிருந்தது.

"வேணாம்ணே, அப்டியே போடுங்க," என்றார். "மல ஏறும்போது யாரு வந்து ஒட்டுவா?"

குணா பதிவை அப்படியே குழுவுக்கு அனுப்பினார். லோகா மின்கம்பியைப் பிடுங்கி, மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வேறொரு குரலில், வேறொரு மொழியில் யாருக்கோ வணக்கம் சொல்வது கேட்டது.

மணியம் உறுமியைத் துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டார். நானும் அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. இருவரும் ஒரே ஃபெரியில் போனோம். அவர் மோட்டார் சைக்கிளருகில் நின்றுகொண்டு, கைப்பிடியில் அந்த இரண்டு விரல்களையும் மடக்கி நீட்டி மடக்கி நீட்டிக்கொண்டே வந்தார். முடிவு என்னவாயிற்று என்று நான் விசாரிக்கவும் இல்லை. ஒரு வீட்டை விட்டு வந்த பிறகு அங்கே என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. அவ்வளவு வீடுகள்.

அடுத்த வாரம் லோகா கூப்பிட்டார்.

"அண்ணே, அன்னிக்கு நிறுத்துனீங்கல்ல, அதத் திரும்பப் போட்டுக் குடுங்க. எனக்கு எடம் தெரியல. கஸ்டமரு ஒருத்தரு திரும்பக் கேட்டுட்டாரு."

"கம்பெனியில சொல்லலாமே."

"ஏன் நிறுத்துனன்னு கேப்பாங்க. நீங்களே வந்துருங்க."

போனேன். தெருமுனையிலேயே உறுமல் கேட்டது. கூடத்தில் மணியம் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். எதிரில் குணா சம்மணமிட்டு உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். நான் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. லோகா என்னை நேராக அறைக்குக் கூட்டிப்போனார்.

"பசங்க எல்லாரும் கேட்டாங்க," என்றார். "நடுவுல விழுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. பாரிட் புந்தார்க்காரரே கேட்டுட்டு, மத்த எடமெல்லாம் எனக்கு இப்டி வராது, அந்த ஒரு எடத்த அவரு சரி பண்ணட்டும்னு சொல்லிட்டாரு. அது விழாம நிக்கிற வரைக்கும் தெனமும் வந்து வாசிக்கணும்னு இவரு உத்தரவு. வேல முடிஞ்சா நேரா ஃபெரி ஏறி வந்துடறாரு. தண்டன எனக்குத்தான்."

குறியைத் திரும்பப் போட்டுவிட்டுச் சோதித்துப் பார்க்க, அவரை மடிக்கணினியிலிருந்து என் கைப்பேசிக்கு அழைக்கச் சொல்லி வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். ஒரு காதில் கைப்பேசி. அதில் லோகா பேசினார், வேறு சத்தமே இல்லை. ஏதோ குளிரூட்டிய அலுவலகத்திலிருந்து பேசுவதுபோல் இருந்தது.

"கேக்குதாண்ணே?"

மறு காதில் வீடு உறுமிக்கொண்டிருந்தது. வேகம் எடுக்கும் இடம் வந்தது. உறுமல் ஏறியது, ஏறி ஒரு கணம் தள்ளாடியது, பிறகு பிடித்துக்கொண்டு கடந்து போனது.

"அண்ணே, அந்தச் சத்தம் கேக்குதா?"

"இல்லம்மா, ஒண்ணும் கேக்கல," என்றேன். அடுத்த சுற்று வரும்வரை அங்கேயே நின்றேன்.